அளவு ஜாக்கெட் வாங்காத அக்கா

சங்கரன்கோவிலில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருந்த டெய்லரக்காவைப் பற்றி, அந்தக் காலத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் நாலு ஏச்சுதான் வந்திருக்கும். சொன்ன நாளில் துணி தரமாட்டாள். அளவு ஜாக்கெட் கொண்டுபோனால் கையால்கூடத் தொடமாட்டாள். ஊரில் மற்ற டெய்லர்கள் எல்லாம் பழைய ஜாக்கெட் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். இவளுக்கு ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். போன மாதம் அளந்தவளாக இருந்தாலும் மறுபடியும் அளப்பாள்.

"ஒரு மாசத்துல நான் என்ன தென்னமரமாட்டமா வளந்துட்டேன்?" என்று ஒருத்தி சலித்துக்கொண்டாள்.

"வளந்திருக்கியா எளச்சிருக்கியான்னு டேப்பு சொல்லட்டும். உள்ள வா" என்றாள் அக்கா.

ஏசிக்கொண்டேதான் வருவார்கள். வராமலும் இருக்க முடியாது. அவள் தைத்த ஜாக்கெட்டில் தோள் இறங்காது, கக்கம் பிடிக்காது. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கடையில் துணி மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிடும்.

அவள் பேரை நான் சொல்லப் போவதில்லை. கடைக்கே அவள் போர்டு வைக்கவில்லை. குள்ளமான உடம்பு. கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து, அந்தப் பக்கம் தையல் நூலால் கட்டியிருக்கும். பொடி போடுவாள். டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும், கோயிலுக்குப் போகும்போதும் கழற்ற மறந்துவிடுவாள். நான் கேலி செய்தால், "அம்மனுக்கு ஒண்ணு தைக்கச் சொன்னா என்ன செய்ய?" என்பாள். கடையின் பின்பக்கம் பழைய சேலையைத் திரையாகக் கட்டி ஒரு மறைப்பு. அளவு எடுப்பது அங்கேதான். அதற்குள் ஆண்வாடை கூடாது. நாலு மணிக்குத் தூக்குச்சட்டியில் டீ கொண்டுவரும் அவள் புருஷன்கூட வாசலில் நின்று இருமிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அக்கா கடைக்குப் போய், மூலையில் உட்கார்ந்து ஏழு மணி வரைக்கும் நோட்டுத் திருத்துவேன். வீட்டில் ரேடியோ சத்தம், கவனம் ஓடவில்லை என்று சொல்லியிருந்தேன். அக்கா அதை நம்பினாளா என்று நான் யோசித்ததே இல்லை.

ஒருநாள் பொருத்தமான நூல் தேடித் துணி மூட்டையைக் கிளறியபோது மஞ்சள் ஜாக்கெட் ஒன்று கையில் வந்தது. கொக்கி வைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கிடந்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து கைப்பிள்ளையோடு வருகிற ஒரு பெண்ணுடையது. சற்று முன்புதான் அவளிடம், "கை இன்னும் வைக்கல, நாளைக்கு வா" என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"முடிஞ்சு கிடக்கே அக்கா. பச்சப்பிள்ளையத் தூக்கிட்டு வாரவள ஏன் இப்படி அலைக்கழிக்கீங்க?"

"அலையட்டும்."

"பாவமா இல்லையா?"

அக்கா மெஷினை நிறுத்தினாள். "அவ புருசன் அவளத் தண்ணிக் குழாய்க்குக்கூட அனுப்ப மாட்டான். டெய்லர் கடைக்குன்னா அனுப்புதான். துணியக் குடுத்துட்டா நாளைக்கு அவ எங்கட்டி போவா?"

அடுத்த சனிக்கிழமை எனக்கு லீவு. கடையிலேயே இருந்து பார்த்தேன். அந்தப் பெண் வந்தாள். அளவு எடுக்கிற மறைப்புக்குள் போனாள். அக்கா பாயை விரித்தாள், பிள்ளையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், படுத்தவள் தூங்கிவிட்டாள். இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். அந்த இரண்டு மணி நேரமும் அக்கா மெஷினைத் தொடவில்லை. சத்தம் கேட்டு எழுந்துவிடக் கூடாதென்று கைத்தையலாகவே செய்துகொண்டிருந்தாள். பொடிகூடப் போடவில்லை, தும்மல் வரும் என்று. ஒரு பெண் தூங்குவதற்காகப் பஸ் ஏறி ஊர்விட்டு ஊர் வருகிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அளவு ஜாக்கெட் ஏன் வாங்குவதில்லை என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு நிற்கிற உடம்பை அந்த ஊரில் பார்க்க முடிந்தவள் அவள் ஒருத்தி. பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கமாட்டாள். கை நீளமாக வேண்டும், முதுகு மூடியிருக்க வேண்டும் என்று கேட்டால், ஏன் எதற்கென்று கேட்காமல் அப்படியே தைப்பாள். "நாளைக்கு வா" என்று மட்டும் சொல்லுவாள்.

அந்த மஞ்சள் ஜாக்கெட்டுக்காரியின் புருஷன் ஒருநாள் கடைவாசலில் நின்று சத்தம் போட்டான். "ஒரு ஜாக்கெட்டுக்கு ஏழு தடவையா? நீயெல்லாம் ஒரு டெய்லரா?" தெருவே பார்த்தது. அக்கா எழுந்து நின்றாள். "மெஷின் பெல்ட்டு அறுந்துட்டு அண்ணாச்சி. தப்புதான். நாளைக்குக் கட்டாயம் குடுத்துருதேன்." அவள் தொழிலில் எவ்வளவு கர்வக்காரி என்று எனக்குத் தெரியும். ஒரு காஜா கோணினால் ராத்திரிச் சாப்பாடு இறங்காது அவளுக்கு. அவள் அப்படி நின்று ஏச்சு வாங்கியபோது நான் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பதினோராவது தடவை வந்தபோது அந்தப் பெண் மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கடையிலிருந்து நேராகத் தம்பி வேலை பார்க்கிற ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். பிள்ளையின் பால் டப்பாவை அக்கா ஞாபகமாக எடுத்துக் கொடுத்தாள்.

இப்படி ஒருத்தி இருந்தால் கடைக்கு வந்துபோகிற பெண்கள் கதை கட்டாமல் இருப்பார்களா? அக்காவே புருஷனிடம் நிறைய அடி வாங்கியிருப்பாள், அதனால்தான் இந்த வேகம் என்று பேசிக்கொண்டார்கள். நானும் ஒருநாள் சுற்றிவளைத்துக் கேட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த மனுசன் என்னைய ஒரு சொல்லு சொன்னது கிடையாது. தறியில உக்காந்து உக்காந்து பேச்சே மறந்துபோச்சு அவருக்கு. ஏன், அடி வாங்கினவளுக்குத்தான் அடுத்தவ வலி தெரியுமாக்கும்?"

ஆனால் அவளும் முதலிலேயே இவ்வளவு பதமாக இருந்தவள் இல்லை. அதை அவளே சொன்னாள், ஒரே ஒரு தடவை. கடை வைத்த புதிதில் மேலநீலிதநல்லூர் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி. முதுகில் பெல்ட் தடம். அக்காவுக்கு அப்போது இளரத்தம். அந்தப் பெண்ணோடு அதே பஸ்ஸில் ஏறிப் போய், அவள் வீட்டுவாசலில் நின்று, தெரு கூடும்படி அந்தப் புருஷனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். அவன் தலை குனிந்து நின்றான். சனம் காறித் துப்பியது. ஜெயித்துவிட்டேன் என்று அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கை இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது.

"நான் வீரமா ஏசிட்டு பஸ் ஏறி வந்துட்டேன். அவ அங்கனதானே இருக்கணும். அது என் மண்டையில ஏறலையே" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, துணியில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கோடு நேராக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடியும் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் முறையே மாறியது. அந்தப் பெண் தன் வாயால் சொல்கிறவரை ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். சொன்னாலும் உடனே யாரிடமும் போய்ப் பேசமாட்டாள். போய் இருக்க இடம் எது, அங்கே யார் கதவைத் திறப்பார்கள் என்று முதலில் பார்ப்பாள். அம்மாவா, அண்ணனா, சித்தியா என்று விசாரித்துக் கடிதம் போடுவாள். ஒன்றும் அமையாவிட்டால், அமைகிறவரை ஜாக்கெட் முடியாது. நாளைக்கு வா, நாளைக்கு வா என்றே ஓடும். சில பேர் போய்விட்டு மறுபடியும் அதே வீட்டுக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. எனக்கு அவர்கள்மேல் ஆத்திரமாக வரும். அக்கா ஒருத்தியையும் ஏசியதில்லை. "எட்டுத் தடவை வந்தாலும் எட்டுத் தடவையும் பாய விரிக்கணும். ஏசினா ஒம்பதாந்தடவை வரமாட்டா" என்பாள்.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, மெச்சிக்கொண்டு, நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது சொல்ல வேண்டும்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தது அண்ணன். டீச்சர் டிரெய்னிங் படிக்க வைத்தது அண்ணன். ஆபீஸ் வேலை, வெள்ளைச் சட்டை, குடி கிடையாது, சிகரெட் கிடையாது. தெருவில் எல்லாருக்கும் மரியாதைக்காரன். வீட்டுக்குள் தன் சம்சாரத்தை, என் மதினியை, அடிப்பான். குழம்பில் உப்புக் கூடினால் அடிப்பான், அவள் பேசாமல் இருந்தால் பேசவில்லை என்று அடிப்பான். அடிக்கும்போது ரேடியோவைக் கூட்டி வைப்பான். நான் தடுத்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை. அவன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு நான் அக்கா கடையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன். அதோடு எனக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆவணியில் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அண்ணன் முகம் கோணினால் அதுவும் இல்லை.

அந்த ஆனியில் அண்ணனின் ஆபீசர் வீட்டில் கல்யாணம். எல்லாரும் சம்சாரத்தோடு போக வேண்டும். மதினிக்குப் பட்டுச் சேலை எடுத்தான். ஜாக்கெட் துணியையும், அவளுடைய கல்யாண ஜாக்கெட்டையும் என் கையில் கொடுத்தான். "அளவு ஜாக்கெட்டக் குடுத்துட்டு வா. அவ அங்கெல்லாம் போக வேண்டாம்."

அவளை ஏன் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கொண்டுபோனேன். அக்கா வழக்கம்போல, "ஆள வரச் சொல்லு" என்றாள்.

"எனக்காக ஒரு தடவை வாங்கிக்கோங்களேன். மதினிக்கு ஒடம்பு சரியில்ல."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பிறகு அந்த ஜாக்கெட்டை வாங்கி உட்புறம் திருப்பினாள். இரண்டு பக்கமும் கையால் பிடித்துத் தைத்திருந்தது, ஒரு தையலுக்கு உள்ளே இன்னொரு தையல், அதற்கும் உள்ளே மூன்றாவது. முதுகுப் பக்கம் மஞ்சள் பத்துப் போட்ட கறை. தோளிலும் கறை.

"மூணு தடவை பிடிச்சித் தச்சிருக்கா. எத்தனை மாசத்துல இவ்வளவு எளச்சா?"

நான் நோட்டுக் கட்டைப் பிரித்தேன்.

"நீ ஏன் இங்கன வந்து நோட்டுத் திருத்துதன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். ஜாக்கெட்டை மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரி, போ. தைக்கேன்" என்றாள்.

அவள் தைத்தாள். அவள் ஆயுசில் முதல் தடவையாகத் தெரிந்தே தப்பாக வெட்டினாள். நாலு இஞ்சு குறைத்து, உள்ளே துணியும் விடாமல் வெட்டினாள். பட்டுத்துணியில் கத்தரி போனபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மதினிக்குக் கொக்கி எட்டவில்லை. அண்ணன் தாம் தூம் என்று குதித்தான். கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. "பழைய ஜாக்கெட்டு துவைச்சுத் துவைச்சு சுருங்கியிருக்கும் தம்பி, ஆளப் பாத்துத்தான் சரி பண்ண முடியும்" என்று அக்கா சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் மதினியைக் கூட்டிப்போக என்னிடம் சொன்னான்.

மதினி ஐந்து நாள் வந்தாள். முதல் நாள் அந்த மறைப்புக்குள் அக்கா ஒன்றுமே பேசவில்லை. இரண்டாம் நாள் மதினி தூங்கினாள். மூன்றாம் நாள் சாப்பிட்டாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் சிவப்பு மையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நோட்டையும் திருத்தாமல் இருந்தேன். நாலாம் நாள் உள்ளேயிருந்து மதினியின் குரல் கேட்டது. "எங்க அய்யாவுக்கு எழுதுங்க." அக்கா அன்றைக்கே எழுதினாள். மதினியின் அப்பா திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் கரிசல்காட்டு விவசாயி. கடிதத்தில் புகார் ஒன்றும் இல்லை. 'கல்யாண ஜாக்கெட்டை மூன்று தடவை பிடித்தும் உங்கள் மகளுக்கு இப்போது இரண்டு இஞ்சு தொளதொளவென்று இருக்கிறது. வந்து பார்க்கவும்' என்று மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தன் தம்பியோடு வந்துவிட்டார். அண்ணன் வாய் நிறைய வரவேற்றான், கலர் சோடா வாங்கிவரச் சொன்னான். "ஒரு வார்த்தை எழுதிப்போட்டா நானே கூட்டிட்டு வந்திருப்பேன்லா மாமா? கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டா. அதுலேருந்து சரியாச் சாப்பிடல." பெரியவர் மகளைப் பார்த்தார். "என்னம்மா?" என்றார். மதினி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணனைப் பார்த்தாள். தலை தானாகக் குனிந்துவிட்டது.

அப்போது அக்கா ஜாக்கெட்டோடு வந்தாள். தற்செயலாக வந்தவள் மாதிரி தரையில் உட்கார்ந்தாள். "ஒங்க மகளுக்கு அளவு எடுத்தது நான்தான்யா. முதுகுல நாலு தடம் இருக்கு. ரெண்டு பழசு, ரெண்டு புதுசு. கிணத்தடியில விழுந்தா ஒரு பக்கந்தான் அடிபடும்."

"ஜாக்கெட் தைக்கவ பேச்சக் கேட்டா குடும்பம் நடத்த முடியும்?" என்றான் அண்ணன். குரல் உயரவே இல்லை. பெரியவர் தடுமாறினார். மாப்பிள்ளையைச் சந்தேகப்பட அவருக்கு மனது வரவில்லை, மகளை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்ச பிள்ள. இதே வீட்லதான் இருக்க. நீ சொல்லும்மா, விழுந்தாளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை, மடியில் இருந்த ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் படிக்க வைத்த அண்ணன், எனக்குக் காய்ச்சல் வந்தால் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த அண்ணன், எதிரே நின்றான். அவனைப் பார்த்துக்கொண்டே சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது. மதினியைப் பார்த்துச் சொன்னேன்.

"விழல மாமா. அண்ணன்தான் அடிக்கான். ரெண்டு வருசமா அடிக்கான். நான் கேட்டுக்கிட்டே சும்மா இருந்தேன்."

மதினி அழவில்லை. உள்ளே போய் மாற்றுச்சேலை இரண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பிறகு மதினி அந்த வீட்டுப்படி ஏறவே இல்லை. அப்பாவோடு பருத்திக்காட்டில் வேலை செய்தாள், ஊரில் பால்வாடி வந்தபோது அங்கே சேர்ந்தாள். இன்றைக்கும் எனக்கு மதினிதான்.

அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை அண்ணன் காத்திருந்தான். பிறகு என் டிரங்குப்பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தான். அவ்வளவுதான். கதவைச் சாத்தினான். அவனும் நானும் அதற்குப் பிறகு பேசிக்கொண்டதில்லை. ஆவணியில் வருவதாக இருந்தவர்களும் வரவில்லை.

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியின் ஒரு காதை அவள் பிடித்தாள், மறு காதை நான் பிடித்தேன். கடைக்குப் பின்னால், அக்கா புருஷனின் தறிக் கொட்டகையை ஒட்டி ஒரு சின்ன அறை. அதுவரை அதில் பாவு நூலும் உடைசலும்தான் கிடக்கும். உள்ளே போனால் வெள்ளையடித்திருந்தது, சுண்ணாம்பு இன்னும் கையில் ஒட்டுகிற ஈரம். புதுப் பாய், மண்பானை, ஜன்னலுக்குக் கீழே ஒரு மேஜை. மதினிக்காக ஏற்பாடு செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மதினிதான் எங்கே போவாள் என்பது நாலு நாளைக்கு முன்பே முடிவாகிவிட்டதே. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, நான் இன்னைக்கு வாயத் திறப்பேன்னு நெனச்சீங்களா?"

"இல்ல" என்றாள். "நீ பயந்தவ."

"பெறகு இந்த ரூமு?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"நீ சொன்னாலும் சொல்லாட்டாலும் இது ஒனக்குத்தான். ரெண்டு வருசமா ஒனக்கும் நாந்தானட்டி அளவெடுக்கேன். தீபாவளிக்குத் தீபாவளி நீயும் எளச்சுக்கிட்டேதான் வாரே."